கல்லைத் தட்டாமல் போனவர்கள்

"குளத்துக்குத் தண்ணி விடணும் ஆச்சி."

கேட்டேவிட்டாள் முத்தழகு. மானகிரியில் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த அன்று, பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே நாச்சியம்மை ஆச்சி போட்ட ஒரே கண்டிஷன் அதுதான். "லீவு கேளு, சம்பளத்தக் கூட்டிக் கேளு, குத்தமில்ல. பின்னாடி இருக்க நீச்சல் குளத்துல தண்ணி விடச் சொல்லி மட்டும் கேக்கக் கூடாது."

'கூடாது' என்ற சொல்லைக் கேட்டாலே முத்தழகுவுக்கு உள்ளங்கால் அரிக்கும். படிக்கக் கூடாது, பஸ் ஏறிக் காலேஜ் போகக் கூடாது என்ற அத்தனை பேரையும் தாண்டித்தான், கல்லலில் கடலை விவசாயம் பார்க்கும் குடும்பத்தில் முதல் ஆளாக பி.ஏ. வாங்கியிருந்தாள். எழுபத்தொன்றாம் வருஷத்துக் கோடை அது.

ஆச்சி ரேடியோவை நிறுத்தினாள். "எதுக்கு?"

"உமையாளுக்காக."

உமையாள் ஆச்சியின் அண்ணன் மகள். பத்து வயசு. தாயும் தகப்பனும் பினாங்கில். அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத்தான் முத்தழகு வந்திருந்தாள். முன்வாசலில் நின்று கூப்பிட்டால் குரல் பின்வாசல்வரை போய், யாரையும் காணாமல் திரும்பி வரும் வீடு. பூட்டிய அறைகளுக்குள்ளிருந்து வௌவால் வாடையும் புழுங்கிய தேக்கு வாடையும் கசியும். விளையாட ஒரு குஞ்சு குளுவான் கிடையாது.

மத்தியானம் வீடே உறங்கும்போது, அந்தப் பிள்ளை வறண்ட குளத்துக்குள் இறங்கிக் குப்புறப் படுத்துக்கொள்ளும். கன்னம் உப்ப மூச்சை அடக்கும். நேற்று உதடு நீலம் பாரித்துவிட்டது. முதுகில் ரெண்டு வைத்து மூச்சு விட வைத்தாள் முத்தழகு.

"தோத்துட்டேன் டீச்சர்," என்றது பிள்ளை. "அவ இன்னும் முங்கித்தான் இருக்கா."

"யாருடி?"

உமையாள் மடையைக் காட்டினாள். குளத்துத் தண்ணீரைத் தென்னந்தோப்புக்குத் திறந்துவிடும் மடை. ஆழமான பக்கத்துச் சுவரில், ஒரு பிள்ளை குந்தி உட்காரும் அளவுக்குக் கறுத்த ஓட்டை.

தனிமைதான் பிள்ளையைப் பேயாகப் பிடித்திருக்கிறது என்று முத்தழகு முடிவுகட்டினாள். நிஜத் தண்ணீரில் நிஜ ஆளோடு விளையாடினால் எல்லாம் ஓடிவிடும்.

"வேணாம்னு சொன்னேன்ல?" என்றாள் ஆச்சி.

"ஏன்னு சொல்லுங்க."

"சொல்றதுக்கில்ல."

"பிள்ளை ஒருநாள் மூச்சடக்கியே போயிரும் ஆச்சி. அப்ப பினாங்குல இருக்க அதோட அப்பச்சிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

ஆச்சி, "மடையப் பலகை வச்சு அடைச்சுட்டு விடச் சொல்லு. நான் அங்குட்டு வரமாட்டேன்," என்று எழுந்து போனாள்.

குளம் நிறைந்தது. ஆழம் குறைந்த பக்கத்தில் உமையாள் ஒரு வாரம் கால் உதைத்தாள். மூச்சடக்க மட்டும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"டீச்சர், நீங்க எருமை மாதிரி நீந்துறீக!"

"எருமை எங்கயாச்சும் முங்கிச் செத்திருக்கா? பாத்துக் கத்துக்க."

அந்த வீட்டில் பிள்ளைச் சிரிப்பு கேட்டது. முத்தழகுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்லல் கிணறுகளில் கூட்டமாக ஆடும் ஆட்டத்தையும் சொல்லிக்கொடுக்க நினைத்தாள். ஒருத்தி சுவரைப் பார்த்து நிற்க, மற்றவர்கள் முங்க வேண்டும். தலை தெரிந்தால் அவுட். ஆட்டம் முடிந்தால் நிற்பவள் இரண்டு கற்களைத் தண்ணீருக்குள் வைத்துத் தட்டுவாள். மேலே நின்று கத்தினால் முங்கிக் கிடப்பவளுக்குக் கேட்காது. கல் சத்தம் கேட்கும். தட்டாமல் யாரும் கரையேறக் கூடாது.

"தெரியும் டீச்சர்," என்றாள் உமையாள். "அவ சொல்லியிருக்கா."

முத்தழகுவுக்கு ஒரு நொடி முதுகு சிலிர்த்தது. வெயிலைப் பார்த்துத் தைரியப்படுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

பின்னால் 'முளுக்'கென்று ஒரு சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை. தோப்பில் ஓலை அசையவில்லை. புதுத் தண்ணீரில் எங்கிருந்தோ பழைய பாசி வாடை வந்தது.

திரும்பினாள். தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது.

குனிந்து கற்களைத் தட்டினாள். டக். டக்.

யாரும் எழவில்லை.

மறுபடி தட்டினாள்.

ஆழத்திலிருந்து யாரோ பலகையைத் தட்டினார்கள். டக். டக்.

முத்தழகு பாய்ந்தாள். மடை வாயில் உமையாள் கிடந்தாள். ஒரு கை பலகை இடுக்குக்குள் போயிருந்தது. இழுத்தாள். உள்ளேயிருந்தும் இழுத்தது. சுவரில் காலை ஊன்றி, வலுவனைத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு மேலே வந்தாள்.

தண்ணீரைக் கக்கிவிட்டுப் பிள்ளை அழுதது. மணிக்கட்டில் சின்ன விரல்களின் தடம். ஊறிச் சுருங்கிய விரல்கள்.

"கல்லுச் சத்தம் கேட்டுச்சு டீச்சர். வரத்தான் பாத்தேன். 'ஒனக்குத்தான் தட்டுறாக, எனக்கில்ல'ன்னு சொன்னா. விடமாட்டேன்னுட்டா."

பின்வாசலில் ஆச்சி நின்றிருந்தாள்.

"யாரு ஆச்சி அது?"

"ஒச்சம்மா." அந்தப் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாத வாய். "தோட்டக்காரி மக. நாங்க சின்னப் பிள்ளைகளா இருக்கப்ப, ஆட்டத்துக்கு ஆள் பத்தலைன்னா சேத்துக்குவோம். அன்னைக்கு மடைக்குள்ள போயி ஒளிஞ்சிருக்கா. காரைக்குடியில கல்யாணம்னு காரு வந்து ஹாரன் அடிச்சுச்சு, ஏறிட்டோம். ஊருக்குப் போறோம்னுட்டு தோப்புப் பக்கம் மடையத் தொறந்துட்டாக. தண்ணி இழுத்த இழுப்புல அவ உள்ளேயே சிக்கிட்டா."

"கல்லைத் தட்டுனீகளா?"

"எல்லாரும் மேல வந்தாச்சுன்னு நெனச்சோம்."

"எல்லாரும்னா?"

ஆச்சி தரையைப் பார்த்தாள். "வீட்டுப் பிள்ளைக எல்லாரும்."

முத்தழகு உமையாளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இன்னும் நின்றால் கை நீண்டுவிடும் போலிருந்தது.

வெயில் தாழ்வதற்குள் கார் வந்தது. உமையாளைத் துண்டில் சுற்றி ஏற்றினார்கள். "இவ இனி மெட்ராசுல படிக்கட்டும். வீட்டப் பூட்டப் போறோம், நீயும் ஏறு," என்றாள் ஆச்சி.

"நீங்க போங்க."

ஜன்னலில் உமையாள் தலையை நீட்டினாள். "டீச்சர், கல்லு!"

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அதே வாசல், அதே போல் ஒரு ஹாரன், அதே அவசரம். இப்போதும் யாரும் தட்டவில்லை.

தோட்டக்காரர் மலையாண்டி மடையைத் திறக்கக் கடப்பாரையோடு வந்தார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

முத்தழகு பெட்டியைக் கட்டி எடுத்துவந்து கரையில் வைத்தாள். படியில் இறங்கி, கற்களை முழங்கை முங்க அமிழ்த்தித் தட்டினாள்.

"ஒச்சம்மா, இது ஒனக்கு. ஆட்டம் கலைஞ்சிருச்சு. ஏறி வா."

தண்ணீர் அசையவில்லை. அவள் காத்திருந்தாள்.

மடைப் பக்கம் ஒரு குமிழ் வெடித்தது. அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் இங்குட்டு. அப்புறம் படிக்கட்டு ஓரம்.

மலையாண்டியின் கையிலிருந்து கடப்பாரை விழுந்தது. முத்தழகு அவரைப் பார்க்கவில்லை, குளத்தையும் பார்க்கவில்லை. வலது கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். இடது கையைச் சற்றே விலக்கி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டு நடந்தாள். வெறிச்சோடிய வீட்டைக் கடந்து முன்வாசலுக்கு வெளியே வந்தாள்.

ரோட்டில் ஒரு ஜீவன் இல்லை. கல்லல் பக்கம் திரும்பும்போது, அந்தக் காய்ந்த வெயிலில் உள்ளங்கை குளிர்ந்தது.

ஈரமாக, சின்னதாக.

விரல்களை மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை நடைக்கு ஏற்றபடி தன் நடையைக் குறைத்துக்கொண்டாள்.