வரிசைப்படி தொட்டார்கள்

ஜெபக்கூடத்தில் நெருப்பு மூட்டுவது பக்திக்குக் குறைவு என்று அந்த ஊரார் நம்பினார்கள். அதனால் பாஸ்டனுக்கு வடக்கே, கடலை ஒட்டி நின்ற அந்தக் கூடத்தில், ஜனவரி வந்தால் திருவிருந்து அப்பம்கூடத் தட்டில் கல்லாய்க் கிடந்து டொக்டொக்கென்று சத்தம் போடும். அப்படிப்பட்ட குளிரில், மேசைமேல் கிடத்தியிருந்த குழந்தையின் கீழே மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வேறு யார் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை. மாடி மூலையில், அடிமைகளுக்கென்று விட்ட பலகையில் உட்கார்ந்திருந்த டார்க்கஸுக்கு ஒவ்வொரு சொட்டும் கேட்டது. மேசையில் கிடந்தவள் அவள் மகள் ஜூபா. ஏழு வயது.

நடந்தது ஊருக்கே தெரியும். தெரியாததுபோல விசாரிப்பதில்தான் அந்த ஊர் கெட்டி. டார்க்கஸையும் மகளையும் அடிமைகளாக வைத்திருந்த சபை மூப்பர் பென்னிமனின் மனைவி எப்சிபா, ஜூபாவுக்கு வேதத்தின் ஐந்தாம் கட்டளையைப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். தாய் தகப்பனை மதிக்கச் சொல்லும் கட்டளை. அடிமைப் பிள்ளைக்கு எஜமானும் எஜமானியும்தான் தாய் தகப்பன் என்பது அந்த வீட்டு விளக்கம். பிள்ளை தடுமாறியது. பிசகில்லாமல் சொல்லும்வரை பனியில் நிற்கட்டும் என்று வெளியே தள்ளி, தாழ்ப்பாள் போடச் சொன்னது எப்சிபா. போட்டது டார்க்கஸ். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப்பக்கமிருந்து, பற்கள் கடகடக்க, ஒரு சொல்லும் பிசகாமல் குழந்தை ஒப்பித்தது. எப்சிபா பின்னல் ஊசியை நிறுத்தவில்லை.

"எனக்குக் கேக்கலையே. இன்னும் சத்தமா சொல்லச் சொல்லு."

விடிந்ததும் எப்சிபா வீடு வீடாகப் போனாள். தாழ்ப்பாள் பக்கமே தான் போவதில்லை, அதெல்லாம் வேலைக்காரி காரியம் என்று சொல்லி, போன வீட்டிலெல்லாம் சுடச்சுட ஆப்பிள் கள் குடித்துவிட்டு வந்தாள். போதகர் பழைய வழி ஒன்றை எடுத்தார்: கொன்றவர் கை பட்டால் பிணத்திலிருந்து இரத்தம் கசியும். ஊரே தொடட்டும். யாருக்குக் கசிகிறதோ அவருக்குத் தூக்கு.

யார் முதலில் தொடுவது என்பதில்தான் தகராறு. கதவு வைத்த பெட்டி இருக்கைகளில் வசதியுள்ளவர்கள் முன்னால், இல்லாதவர்கள் பின்னால். அந்த வரிசையையே வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அப்போதும் கப்பல்காரர் வீட்டுக்கும் மூப்பர் வீட்டுக்கும் முறைப்பு. செத்த பிள்ளையைத் தொடுவதாயிருந்தாலும் முதல் மரியாதையை யார் விடுவார்கள்?

பக்கத்தில் இருந்த கிழவன் கஃபி குனிந்தான். "பயப்படாதே தங்கச்சி. உன் புள்ள உன்னைக் காட்டிக்குடுக்குமா?"

"தாழ்ப்பாள் போட்டது நான்தானே அண்ணே."

கஃபி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

எப்சிபா, வீட்டிலிருந்து தணல் போட்டு எடுத்துவந்து காலடியில் வைத்திருந்த கணப்புப் பெட்டியில் கையைச் சூடாக்கிக்கொண்டு, முந்தி எழுந்துபோய், கடையில் துணியின் தரம் பார்ப்பவள்போல இரண்டு விரலால் நெற்றியைத் தொட்டாள். ஒன்றுமில்லை. பிறகு கப்பல்காரர்கள், கயிறு திரிப்பவர்கள், மீன் உலர்த்துபவர்கள் என்று ஈரக் கம்பளி வாடையும் கருவாட்டின் வாடையுமாக ஊர் நகர்ந்தது. கணப்பில் காய்ந்த கைகள் ஒவ்வொன்றாகப் பட, அந்தச் சின்ன முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. சொட்டு விரைவாயிற்று. உறைந்த இறைச்சியை எத்தனையோ குளிர்காலம் அடுப்போரம் வைத்து இளக்கியவள் டார்க்கஸ். தண்ணீருக்குப் பின் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மாடிக்காரர்கள் கடைசி. அதிலும் அவள் கடைசி.

படி. இன்னொரு படி. கூடத்துத் தலைகள் திரும்பின. "பெத்தவ செய்யற வேலையா இது?" என்றாள் யாரோ ஒருத்தி.

மேசை. நனைந்த முடி. இமையில் பனி இல்லை.

தொட்டாள். தூங்கி எழுந்த குழந்தையின் சூடு.

"சரியாத்தான் சொன்னே கண்ணு," என்றாள். "அம்மாவுக்குக் கேட்டுச்சு."

மூக்கிலிருந்து ஒரு கோடு. சிவப்பு.

கூடம் எழுந்தது. இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்தார்கள். தான் அப்போதே சொன்னதாக எப்சிபா பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டார்க்கஸ் தன் கையைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஒரு துளிகூட அவள்மேல் படவில்லை. விரித்துக் காட்டினாள். யாரும் பார்க்கவில்லை.

இரத்தம் மேசை விளிம்பில் இறங்கியது. தரையில் நின்றது. பிரிந்தது. இழை இழையாக. முன்னிருக்கைகளின் படியில் ஏறியது. கதவுகளின் அடியில் நுழைந்தது. ஒன்று விடாமல். எப்சிபாவின் வெள்ளைக் காலுறை. மூப்பரின் காலுறை. பொம்மை வைத்திருந்த கப்பல்காரர் மகளின் சின்னக் காலுறை. எல்லாவற்றிலும் சிவப்பு மேலேறிக்கொண்டிருந்தது.

அவளை வாசலுக்கு இழுத்தார்கள். போதகர் சங்கீதம் ஒன்றைத் தொடங்கினார். ஊர் முழுவதும் எழுந்து நின்று, முழங்கால்வரை நனைந்து, குரல் பிசகாமல் பாடியது.