தேன்கரட்டில் பிறந்தவள்

சென்னையிலிருந்து தேன்கரட்டு மலைக்குப் பதினெட்டே நிமிடம். காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்க்குள் வெறுங்குழல் வண்டி வழுக்கிக்கொண்டு வந்து நின்றால், நானூறு பேர் அருவியில் குளிக்கவும் மலைத்தேன் நக்கவும் இறங்குவார்கள். ஊரார் ஒருவர்கூட அதில் ஏற முடியாது.

ஏறக்கூடாது என்று விதித்தது ஊரேதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பேரூராட்சித் தலைவியாயிருந்த இலக்கியா தன் கைப்படத் தீர்மானம் எழுதினாள். பக்கத்து மலைக்கு வண்டி வந்த இரண்டே ஆண்டில் அங்கிருந்த இளவட்டம் மொத்தமும் சென்னைக்குப் பறந்துவிட்டது. பூட்டிய வீடுகளைப் பார்க்க எந்தச் சுற்றுலாக்காரன் வருவான்? ஆகவே நிலையத்தில் முகமறி வாயில் வைத்தார்கள். அது முகத்தைப் பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டு ஊராரை மறிக்கும். வந்தவர்கள் நிலம் வாங்கி உட்கார்ந்துவிடாமலிருக்க இன்னொரு விதியும் உண்டு. “விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்று இலக்கியா சிரித்தபடி சொல்ல, மன்றமே கைதட்டியது. அதற்குமேல் தங்குபவரை வாயில் ஊராராகவே எண்ணிக்கொள்ளும். அந்தப் பயத்திலேயே ஆள் கிளம்பிவிடுவான்.

ஊர் செழித்தது. பேருந்து நின்றுபோனது. ஆள் போகாத மலைப்பாதையை மண்சரிவு மூடியது. அள்ளிப்போட யாருக்கும் தோன்றவில்லை.

இலக்கியாவின் மகள் மிதுரா வாயில் வருமுன்பே சென்னைக்குப் படிக்கப்போய் அங்கேயே மணமுடித்தாள்; முன்பே வெளியேறியவர்களின் பெயரைத் தீர்மானம் பதிவிலிருந்து நீக்கிவிட்டதால், வாயிலுக்கு அவள் வெளியூர்க்காரி. ஆனாலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று இலக்கியா ஒற்றைக்காலில் நின்றாள். மருத்துவர் சீட்டைக் காட்டி மூன்று நாளை நாற்பது நாளாக நீட்டினாள். அவளுக்குத் தெரியாத விதியா! பேத்தி சுகமாகப் பிறந்தாள்.

நாற்பதாம் நாள் மாலை வாயிலில் மிதுராவுக்குப் பச்சை எரிந்தது. அவள் தோளில் கிடந்த குழந்தைக்குச் சிவப்பு எரிந்தது.

“பச்சப்புள்ளைங்க, சாதிக்!” என்றாள் இலக்கியா வாயில்காப்பாளரிடம்.

“தேன்கரட்டுல பொறந்த புள்ளைங்களே அம்மா. வாயிலுக்கு அது ஊர்க்காரிதானுங்க.”

“தீர்மானத்த நான் மாத்த வெக்கிறேன்.”

“மாத்துனா நாளைக்கே ஊரு காலியாயிருமுங்க. மன்றத்துல உடுவாங்களா?” அவர் குரல் தாழ்ந்தது. “கடைசி வண்டிக்கு நாலு நிமிசந்தானுங்க இருக்குது. அது போயிட்டா அம்மணியோட நாப்பது நாள் கெடுவும் முடிஞ்சிருமுங்க.”

மிதுரா குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாயிலைத் தாண்டினாள். அந்தப் பக்கம் வேலை, புருஷன், வீடு எல்லாம் பதினெட்டு நிமிடத் தொலைவில் இருந்தன. நாலடி நடந்திருப்பாள். குழந்தை வீறிட்டது.

“பால் குடுக்கற நேரம்மா” என்று சொன்னாள். சொன்ன இடத்திலேயே நின்றாள். வண்டி வந்தது, கதவு திறந்தது, மூடியது. பிறகு திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் முகத்துக்கும் இப்போது சிவப்பு எரிந்தது.

மகள் இனி இங்கேதான் என்று இலக்கியாவின் மனதில் ஒரு மூலை குளிர்ந்தது உண்மை. அதற்காக அவள் உடனே கூசிப்போனதும் உண்மைதான். வீடு வரை மகள் நாலடி முன்னாலேயே நடந்தாள்.

சனிக்கிழமை மருமகன் பிரணவ் வந்தான். கழுத்தில் வருகையாளர் அட்டை தொங்கியது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலையும் வாயில் அவன் கையில் கொடுத்திருந்தது. மூன்று நாளும் மகளை மடியிலிருந்து அவன் இறக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, வாயிலருகே குழந்தையை மிதுராவிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே வரிசையில் போய் நின்றான். அவளால் வாயிலுக்கு முன்னால் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி வழியனுப்ப முடியவில்லை.

அப்போது இறங்கிய கூட்டத்திலிருந்து தொப்பி போட்ட ஒரு பெண்மணி ஆசையாக ஓடிவந்தாள். “நீங்க இந்த ஊர்க்காரங்களா? குழந்தையோட ஒரு படம் எடுத்துக்கலாமா?”

மிதுரா குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். பிறகு சுவரோரம் ஒதுங்கி நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்து, நான்கு நாட்களில் முதல்முறையாக அவளிடம் வாய் திறந்தாள்.

“வாம்மா, நீயும் வந்து நில்லு. நம்மளப் பாக்கத்தான அவங்க காசு குடுத்து வர்றாங்க.”