நீக்கப்பட்ட நொடிகள்

நான்காவது ஆளும் அதே பெண்ணைத்தான் சாகக் கொடுத்தான்.

ரயில்வே கேட். மழை விட்டிருக்கிறது. பைக்குக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில் மகள் நிற்கிறாள். "பஸ்ல போயிடலாம்ப்பா" என்கிறாள். "பேசாம ஏறுடி" என்கிறான். தண்டவாளத்தில் சக்கரம் வழுக்குகிறது. எழுந்து ஓடிப்போய் அவளை அள்ளுகிறான். மூச்சு இல்லை.

சொன்னவன் பெயர் முகுந்தன். இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த துரைக்கண்ணு அழவில்லை. அந்தப் பெண் அவருடைய மகள்.

நினைவேற்றி என்ற மருந்து வந்து பதினாறு வருடம் ஆகிறது. காதுக்குப் பின்னால் ஓர் ஊசி. குடிகாரனின் மூளையில் இன்னொருவனின் ஆக மோசமான நாள் பதிந்துவிடும். அதற்கு அடிநினைவு என்று பெயர். பாட்டிலைக் கையில் எடுத்தால் மகள் விழுவாள். மதுக்கடைகளை யாரும் மூடவில்லை. ஆள் வராமல் அவையே மூடிக்கொண்டன. ஊசி போட்டவர்கள் வாரம் ஒருமுறை கூடி, அந்த நாளைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். 'அந்தப் பொண்ணு' என்று சொல்லக் கூடாது. 'என் பொண்ணு' என்றே சொல்ல வேண்டும். அப்போதுதான் மருந்து பிடிக்கும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன், விபத்து நடந்த அதே மாதம், மருத்துவமனையில் ஒரு டாக்டர் தாளை நீட்டினார். அந்த நாளைத் தன்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துத் துரைக்கண்ணு கையெழுத்துப் போட்டார். பிரதிதான் எடுத்தார்கள்.

அதன் பிறகு அவர் குடிக்கவில்லை. ஊசியும் போடவில்லை. அவர் மனைவி செல்லம்மா, "விழுந்தவுடனே ஓடிப்போய்ப் புள்ளையத் தூக்குனாரு" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன மாதம் அதை நம்பியபடியே இறந்துபோனாள். அது உண்மையில்லை. உள்ளதை ஒரு தடவையாவது, யாரிடமாவது, சொல்லிவிட வேண்டும்.

கூட்டத்தைத் தேடிப் பத்து நாள் அலைந்தார். செல்போனில் தேடினால் ஊசி போட்ட தேதியைக் கேட்டது. முன்பு குடிநோயாளிகள் கூடிய சர்ச் ஹாலில் இப்போது ஜிம். கடைசியில் பொன்மலையில் ஒரு டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார். "வியாழக்கிழமை சாயந்தரம், டியூஷன் சென்டர் மாடி. ஆம்பளைங்க அழுற சத்தம் கேக்கும். ஏறிடுங்க."

"புதுசா வந்திருக்கிறவர் பேசலாம்" என்றார் ரெஜினா. கூட்டத்தை நடத்துபவர் அவர்.

துரைக்கண்ணு எழுந்தார். "எம் பேரு துரைக்கண்ணு. அது என் பொண்ணு."

"கரெக்ட் சார். அப்படித்தான் ஆரம்பிக்கணும்."

"இல்லம்மா. நெசமாவே என் பொண்ணு. அந்த நினைவக் குடுத்ததே நான்தான்."

ஆட்டோ ஓட்டும் பக்கிரி சிரித்தார். "எல்லாருக்கும் அப்படித்தாண்ணே தோணும். நான் வருசா வருசம் அவளுக்குத் திதி குடுக்குறேன். ஐயரு பேரு கேக்குறாரு, முழிக்கிறேன்."

"தேன்மொழி."

"நல்லாருக்கே" என்றார் பக்கிரி. செல்போனில் குறித்துக்கொண்டார். "இந்தத் தடவ சொல்லிடுறேன்."

துரைக்கண்ணு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எல்லாரும் விழுந்தவுடனே ஓடுறீங்க. நடுவுல கொஞ்சம் இருக்கு. அத வெட்டிட்டாங்க போல. எந்திரிச்சதும் நான் அவளப் பாக்கல. இடுப்புல கைய வெச்சேன். குவார்ட்டர் சொருகியிருந்தேன். உடைஞ்சிருச்சான்னு தடவிப் பாத்தேன். வெளிய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அவ 'அப்பா'ன்னா. பாத்து முடிச்சிட்டுத்தான் ஓடுனேன்."



"யோவ், வாய மூடுய்யா!" முகுந்தன் எழுந்துவிட்டான். "நான் அப்படிச் செய்யல."

"நீ செய்யலப்பா. நான் செஞ்சத..."

"என் பொண்ணுய்யா அவ! விழுந்தவுடனே ஓடுனேன். எனக்குத் தெரியாதா?"

பக்கிரியின் முகத்தில் சிரிப்பு இல்லை. "எங்கள அவ்வளவு கேவலமானவங்கன்னு நெனச்சிட்டீங்களா? பெத்தவன் செய்யுற காரியமா இது?"

"இல்லதான்" என்றார் துரைக்கண்ணு.

அவர் கேட்டு வந்தது ஒரு சொல்கூட இல்லை, இரண்டு காது. இருபது காதுகள் இருந்தன. அத்தனையும் தங்களைக் காத்துக்கொண்டிருந்தன.

ரெஜினா அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மருந்துல இல்லாதத இங்க சொல்லக் கூடாது சார். முதல்ல முழுசாத்தான் ஏத்துனாங்க. ஏத்திக்கிட்டவங்க ஒருத்தரும் உசுரோட இல்ல. அதனாலதான் அத எடுத்தாங்க."

"எனக்கு யாரும் எடுக்கலையேம்மா."

ரெஜினா கதவைத் திறந்துவிட்டார். "தயவுசெஞ்சு கீழ போயிடுங்க" என்றார்.

துரைக்கண்ணு இறங்கினார். பாதிப் படியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முகுந்தன். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து நின்றார்.

அடிக்கவில்லை. இரண்டு படி மேலேயே நின்றுவிட்டான். வலது கை இடுப்பில் இருந்தது. சட்டைக்கு மேலாக எதையோ தடவிக்கொண்டிருந்தது. அது அவனுக்கே தெரியவில்லை.

"அந்தப் பாட்டிலு..." என்றான். "உடைஞ்சிருந்துச்சா?"

"இல்ல."

முகுந்தன் மூச்சை விட்டான்.

அன்று ரயில்வே கேட்டில், அவள் கூப்பிட்ட பின், ஓடுவதற்குச் சற்று முன், துரைக்கண்ணு விட்டதும் அதே மூச்சுதான்.