எந்தத் துணி பார்த்தீங்க?

காலை 10.20. வேங்கிக்கால் வீட்டில் பீபி ஜானின் இரண்டு தங்க வளையல்களைக் காணவில்லை. பீரோவைக் கலைத்தாயிற்று, அரிசி டின்னைக் கொட்டியாயிற்று. கடைசியில் மகன் ஷோயப், பணிப்பெண் தேவிப்ரியாவின் கைப்பையைக் கட்டிலருகே கவிழ்த்தான். ஒரு சீப்பும் டவுன் பஸ் டிக்கெட்டும் விழுந்தன.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினாள் நர்ஸ் கஸ்தூரி. மறதி நோய் கண்ட முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பவள். வியாழக்கிழமை வந்தால் பீபி ஜானின் கணவர் நசீர் அகமதுவின் முறை. அவரைக் கவனிக்க தேவிப்ரியாவைப் பழக்கி விட்டதும் அவள்தான்.

"நீங்க அனுப்பின பொண்ணுதான் சிஸ்டர். ஸ்டேஷனுக்குப் போன் போடப் போறேன்" என்றான் ஷோயப்.

"போடுங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க."

போலீஸ் ஒரு தடவை விசாரித்துவிட்டால் இந்த ஊரில் எந்த வீடும் தேவிப்ரியாவைச் சேர்க்காது. நசீரோ அவள் ஊட்டினால்தான் சாப்பிடுவார். கஸ்தூரி பீபி ஜானிடம் திரும்பினாள்.

"வளையல எப்பம்மா கழட்டுனீங்க?"

"எட்டரைக்கு. தொவைச்ச தெரைச்சீலைங்கள மடிக்க எடுத்தேன். பச்சையில லேஸ் ஜாஸ்தி, வளையல்ல மாட்டுச்சு. கழட்டிக் கட்டில்ல வெச்சேன். மக போன் பண்ணா, அப்படியே வெளிய போயிட்டேன்."

"ரூம்ல யார் இருந்தா?"

"அப்பா மட்டும்தான்" என்றான் ஷோயப். "அவர் பேரே அவருக்கு ஞாபகம் இல்ல. அவரையா சாட்சிக்குக் கூப்பிடப் போறீங்க?"

"தேவி, நீ?"

"ஒம்போதுக்கு வந்தேன் சிஸ்டர். கட்டில்ல கெடந்த துணியெல்லாம் நாலா மடிச்சு அலமாரியில வெச்சேன். வளையல பாக்கவே இல்ல."

கஸ்தூரி அலமாரியைப் பார்த்தாள். மேலே நாலாக மடித்த துணிகள். அடியில் பச்சைத் திரைச்சீலை மட்டும் முழம் முழமாக அடுக்கி மடிக்கப்பட்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. போன மாதம் ஷோயப் அப்பா கையிலிருந்து சாவியைப் பிடுங்கியதற்கு அவர் இரண்டு நாள் பட்டினி கிடந்தது அவளுக்குத் தெரியும்.

முதல் நாள் மாத்திரையைப் பற்றிக் கேட்குமுன் நசீரின் கடையைப் பற்றிக் கேட்டவள் அவள். தேரடித் தெருவில் முப்பத்தொரு வருட ஜவுளிக்கடை. யாரோ மறந்துவிட்டுப் போன குடையைப் பதினோரு மாதம் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்த மனிதர். எல்லாம் அவள் நோட்டில் இருந்தது.

10.31. கஸ்தூரி அறையை விட்டுப் போய், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைக்கு வருபவள்போல் புதிதாக உள்ளே வந்தாள்.

"பாய், காலையில துணி பாக்க வந்தேங்க. வளையல இங்கயே விட்டுட்டுப் போயிட்டேன்."

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த நசீரின் முதுகு நிமிர்ந்தது.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. எந்தத் துணி பார்த்தீங்க?"

ஷோயப் வாயைத் திறந்தான். கஸ்தூரி கை காட்டி அடக்கினாள்.

"பச்சைங்க. லேஸ் வெச்சது."

"எத்தனை வளையல்?"

"ரெண்டு."

நசீர் எழுந்தார். அடியிலிருந்த பச்சையை உருவி ஒரே வீச்சில் கட்டில்மேல் விரித்தார். மூன்றாவது மடிப்பில் இரண்டு வளையல்கள்.

"எடுத்தது உங்க அப்பாதான்" என்றாள் கஸ்தூரி மெதுவாக. "திருடல, பத்திரப்படுத்தினார். தேவி எல்லாத்தையும் நாலாத்தான் மடிப்பா. அந்தப் பச்சை மட்டும் கடை மடிப்பு. நீங்க வளையலத் தேடுனீங்க, மடிப்பப் பாக்கல."

"கடையிலயும் அப்படித்தாம்மா" என்றாள் பீபி ஜான். "மறந்துட்டுப் போனத, அவங்க பார்த்த துணிக்குள்ளயே வெச்சிடுவாரு. எந்தத் துணினு சரியா சொல்றவங்களுக்குத்தான் குடுப்பாரு. நான்தான் மறந்துட்டேன்."

நசீர் வளையல்களைக் கஸ்தூரியிடம் நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த தேவிப்ரியாவைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"இந்தப் பொண்ணையா சந்தேகப்பட்டீங்க? நம்ம கடை ஆளுங்க யார் பொருளையும் தொட மாட்டாங்க. தெரிஞ்சுக்குங்க."

ஷோயப் போனைச் சட்டைப் பையில் போட்டான். குனிந்து சீப்பையும் பஸ் டிக்கெட்டையும் பொறுக்கித் தேவிப்ரியாவின் பைக்குள் வைத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான்.