விருந்தாளி வைஃபை

டிவியில் அம்மாவின் முகம் உறைந்து நின்றது. ஒரு கண் மூடியிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது.

"அம்மா, கேக்குதா?" என்றாள் கனிஷாய்.

சற்று நேரம் கழித்து முகம் அசைந்தது. "...சாப்பாட்டு நேரம் முடியப் போகுது. இன்னும் ஓட்டம் ஆரம்பிக்கலையா?" மறுபடியும் உறைந்தது.

அம்மா மாஸ்கோவில் ஒரு தையல் பட்டறையில் வேலை செய்தாள். மதிய இடைவேளை மிகவும் சின்னது. அதற்குள் தம்பி எலாமனின் கால்கயிறு வெட்டுவதை அவள் பார்த்துவிட வேண்டும்.

ஊர் வழக்கப்படி, நடக்கத் தொடங்கும் குழந்தையின் இரண்டு கால்களையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் தளர்வாகக் கட்டுவார்கள். தெருமுனையிலிருந்து பிள்ளைகள் ஓடி வருவார்கள். முதலில் வருபவர் கயிற்றை வெட்டுவார். குழந்தை நடக்கும். ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு முறைதான்.

அம்மா வேலைக்குப் போனபோது எலாமனுக்குத் தவழக்கூடத் தெரியாது.

"என்ன இன்ஜினியரம்மா, சித்திய போட்டோவா மாத்திட்டியா?" என்றான் பெரியப்பா மகன் செலிம்.

"போய் ஓடுற வேலையப் பாரு."

"நான் ஜெயிச்சு வர்றதுக்குள்ள சரி பண்ணிடுவியா?"

சிரித்துக்கொண்டே பூட்ஸை மாட்டினான். கதவு திறந்தபோது ஏப்ரல் மாதப் பனி கொஞ்சம் உள்ளே வந்தது. கதவு மூடியது.

கனிஷாய்க்கு வயது பதினொன்று. வீட்டு ரூட்டர், கேமராவுள்ள பழைய கணினி, டிவி மூன்றையும் ஒன்றோடு ஒன்று பேச வைத்தது அவள்தான். யாரும் கற்றுத் தரவில்லை. கழற்றுவாள், மாட்டுவாள், ஓடாவிட்டால் ஏன் என்று தேடுவாள். அவளுக்கு அது விளையாட்டு. இன்று விளையாட்டாக இல்லை.

முதலில் கணினியைச் சந்தேகப்பட்டாள். அதில் சேமித்து வைத்திருந்த அத்தையின் கல்யாண வீடியோவை டிவிக்கு அனுப்பினாள். மணப்பெண் தடங்கலே இல்லாமல் நடந்து வந்தாள். ஆக, கணினி சரி. டிவி சரி. படம் அனுப்பும் மென்பொருளும் சரி. வெளியிலிருந்து வரும் இணைப்பில்தான் கோளாறு.

ரூட்டர் கதவுக்குப் பக்கத்தில், செருப்புகள் வைக்கும் இடத்துக்கு மேலே இருந்தது. அதன் ஒயர் நீளாததால் டிவியும் வாசலோரம்தான் இருந்தது. "நல்ல பொருளைப் போயி வாசல்ல வைக்கிறாளே" என்று காலையிலேயே பெரியப்பா குறைபட்டிருந்தார்.

ரூட்டரின் விளக்கு நிற்காமல் துடித்தது. யாரோ அதைப் பிழிந்தெடுக்கிறார்கள்.

அப்படி ஆகக் கூடாது. நேற்றே அவள் இணைப்பை இரண்டாகப் பிரித்திருந்தாள். ஒன்றின் பெயர் 'வீடு'. அது அம்மாவுக்காக, வேகம் அதிகம். இன்னொன்றின் பெயர் 'விருந்தாளி'. அதில் மெதுவாகத்தான் போகும்.

கனிஷாய் அறையைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாருடைய கையிலும் போன். கதவுக்கு நேர் எதிரே, மூத்தவர்களை மரியாதையாக உட்கார வைக்கும் தோரில், மெத்தைகள் மேல் பெரியப்பா தோக்தோசுன் சாய்ந்திருந்தார். அவர் போனில் குதிரை மேலிருந்து ஆடும் ஆட்டம் ஒன்று நேரலையாக ஓடியது. அவருடைய ஊர் அணி ஆடிக்கொண்டிருந்தது. அரை டஜன் தலைகள் அதன் மேல் கவிந்திருந்தன.

"பெரியப்பா, எந்த வைஃபைல சேர்ந்திருக்கீங்க?"

"வீடு."

"விருந்தாளின்னு ஒண்ணு வச்சிருந்தேனே."

பெரியப்பா போனைக் கீழே வைத்தார்.

"யாரு விருந்தாளி? உங்கப்பன் நடை பழகினதே இந்தக் கையைப் பிடிச்சுத்தான். என் தம்பி வீட்டுல நான் விருந்தாளியா? பாஸ்வேர்டை அவன்கிட்டக் கேட்டு வாங்கி எல்லாருக்கும் நானே சொல்லிட்டேன். இங்க ஒருத்தரும் விருந்தாளி இல்ல."

"அதானே" என்றன தலைகள்.

பொரித்த மாவுருண்டைத் தட்டோடு அப்பா குறுக்கே வந்தார். "இன்னைக்கு யாரு மனசும் நோகக் கூடாது" என்றார் மெல்ல.

"அப்பா, அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிடும்."

அப்பா டிவியைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். தட்டிலிருந்து ஓர் உருண்டை உருண்டு விழுந்தது. அதை எடுக்கவும் இல்லை.

பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். அது வந்தவர்களின் பூட்ஸைத் தூக்கித் தெருவில் எறிவது போல. முடியாது.

அப்போது ஒரு சித்தப்பா பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். "மேல வாங்க, தோருக்கு வாங்க" என்று எல்லாரும் இடம் விட்டார்கள். அவர் வேண்டாம், வேண்டாம் என்றார். பிறகு போய் உட்கார்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

கனிஷாய் அவரையே பார்த்தாள். பிறகு கணினியின் முன் மண்டியிட்டு வேகமாகத் தட்டினாள்.

'விருந்தாளி' என்ற பெயரை அழித்துவிட்டு 'தோர்' என்று எழுதினாள். பாஸ்வேர்ட் இல்லை. 'வீடு' என்பதை அழித்தாள். டீ ஊற்றும் சின்னவர்களின் இடமான 'வாசலோரம்' என்று எழுதினாள். அதற்குப் புதிய பாஸ்வேர்ட்.

கடைசிப் பொத்தானில் விரல் நின்றது. அழுத்தினால் ரூட்டர் அணைந்து மறுபடி எழும். அம்மாவின் அழைப்பு அறுந்துபோகும். திரும்பக் கிடைக்காமலும் போகலாம்.

வெளியே யாரோ ஓட்டத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள்.

அழுத்தினாள்.

விளக்குகள் அணைந்தன. டிவி இருண்டது.

"நெட் போச்சு."

"குதிரை எங்கடா?"

"கனிஷாய்" என்றார் பெரியப்பா.

அவள் திரும்பவில்லை. ரூட்டரையே பார்த்தாள். சிவப்பு. இன்னும் சிவப்பு. தெருவில் கூச்சல் எழுந்தது. ஓட்டம் தொடங்கிவிட்டது.

பச்சை.

"பெரியப்பா, இப்பத் தேடிப் பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டினார். "தோர்" என்று படித்தார். இன்னொரு முறை படித்தார். "இது யாருக்கு?"

"உங்களுக்கு. உங்க கூட உட்கார்றவங்களுக்கு. பூட்டு கிடையாது." டிவியைக் காட்டினாள். "ஆனா மெதுவாத்தான் ஓடும், பெரியப்பா. மிச்சம் அம்மாவுக்கு வேணும்."

பெரியப்பா இருண்ட டிவியைப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

"தோர்ல உட்கார்றவன் எதுக்கு அவசரப்படணும்?" என்றார். "எல்லாரும் இதுல சேருங்க."

"கீழ வாசலோரம்னு ஒண்ணு தெரியுதே?" என்றது ஒரு குரல்.

"அது டீ ஊத்துற பொண்ணுக்கு" என்றாள் கனிஷாய்.

அறை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அம்மாவை அழைத்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். படிகளில் பூட்ஸ் ஓசை தடதடவென்று ஏறியது.

கதவைத் தள்ளிக்கொண்டு செலிம் விழுந்தான். "நான்தான் முதல்ல. கத்தரிக்கோல் எங்க?"

பெரியப்பா தோரிலிருந்து எழுந்து வந்தார். மகனின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"நில்லு."

"நான்தானே முதல்ல வந்தேன்."

"நீதான். மூச்சு வாங்கு. சித்தி வரட்டும்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எலாமன் அறையின் நடுவே கம்பளத்தின் மேல் கட்டிய கால்களோடு நின்றான். அப்பா அவன் தோள்களைப் பிடித்திருந்தார்.

டிவி வெளுத்தது.

"லைன் போச்சுன்னு மிஷினுக்கே திரும்பிட்டேன்" என்றாள் அம்மா. அவள் இமைகள் அசைந்தன. உதடுகள் அசைந்தன. பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடுவது கேட்டது. "சீக்கிரம். மேலாளர் அந்தப் பக்கம் போயிருக்கா."

பெரியப்பா காலரை விட்டார். செலிம் குனிந்து வெட்டினான்.

அப்பா கைகளை எடுத்தார். தோரிலிருந்து அத்தைமார் மாவுருண்டையை நீட்டினார்கள். "வாடா, இங்க வா."

எலாமன் அவர்களைப் பார்த்தான்.

"எலாமன்" என்றது டிவி, தெளிவாக.

அவன் திரும்பினான். ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி. பொத்தென்று உட்கார்ந்தான். செலிம் தூக்கப் போனான். கனிஷாய் செலிமின் கையைப் பிடித்து நிறுத்தினாள். எலாமன் தானே எழுந்தான். பூட்ஸ்களைத் தாண்டி, தள்ளாடித் தள்ளாடி வாசல் வரை வந்து, அம்மாவின் மூக்கின் மேல் படாரென்று உள்ளங்கையை வைத்தான்.

அம்மா மடியில் கிடந்த தையல் துணித் துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

"தெரிஞ்சுதாம்மா?" என்றாள் கனிஷாய்.

"ஒவ்வொரு அடியும்."

கனிஷாய் டீ ஊற்றத் திரும்பினாள். எல்லாரும் எழுந்து வந்து வாசலில் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். பெரியப்பா பூட்ஸ்களின் மேலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் கிடந்த போனில் ஒரு குதிரை பாதிப் பாய்ச்சலில் நின்றிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

தோரில் யாருமே இல்லை.