மொட்டைமாடி நேரலை

காதில் செருகியிருந்த சின்னக் கருவியில் அவளுடைய குரலே கேட்டது. நேரலைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. அவள் வாயையே திறக்கவில்லை.

குண்டு துளைக்காத நீலச் சட்டையின் கனம் தோளை அழுத்த, விடுதியின் மொட்டைமாடியில் மைக்கும் கையுமாக நின்றிருந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கோ எரிந்த டயரின் நெடியும், தண்ணீர்த் தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழும் ஓசையும், கீழே யாரோ கடைக் கதவை இழுத்துச் சாத்தும் கரகரப்பும் வந்து வந்து அடங்க, நடுவே அவள் குரல் நிதானமாகச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. பழைய பதிவை ஓட்டுகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தங்கச்சி. அப்படியே நில்லு."

கூடப் பிறந்தவர் அல்ல. தலைமை அலுவலகத்துச் செய்தி ஆசிரியர். வரிசையாகத் திரைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, எந்தத் தெருவில் குண்டு விழும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். "கிளம்பு" என்பார். போட்டது போட்டபடி ஓடுவாள். இத்தனை போர்களிலும் அந்த ஒற்றைச் சொல்தான் அவளை உயிரோடு வீடு சேர்த்தது. பெற்ற அம்மாவின் பேச்சைத் தட்டியிருக்கிறாள்; அண்ணன் பேச்சைத் தட்டியதில்லை.

போன வாரம் வேலையை விடப்போவதாகச் சொன்னபோதுகூட அவர் கோபப்படவில்லை. "ஜனங்க உன் முகத்துக்காகத்தான் நம்ம சேனலைப் பாக்குறாங்க. அதை மட்டும் விட்டுட்டுப் போயிடும்மா," என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

கேமராவைத் திரும்பிப் பார்த்தாள். வெறும் முக்காலி. பேட்டரி எடுத்துவரப் போன கேமராக்காரத் தம்பி, கேமராவையும் தூக்கிப் போயிருக்கிறான்.

காதில் அவள் குரல் தழுதழுத்தது: "சற்று முன் இந்த விடுதியின் மொட்டைமாடியில் குண்டு விழுந்தது."

கதவுக்கு ஓடினாள். தள்ளினாள். அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தது.

"அண்ணே, கதவு சாத்தியிருக்கு! என்ன நடக்குது?"

"அப்படியே நில்லு தங்கச்சி."

அதே கனிவு. பயத்தைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. பாவி, உன்னைத்தானே நம்பினேன்!

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். எதிர்ச்சாரியில், தெருவிளக்கின் கீழே, விடுதிக்கு முதுகு காட்டி ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் மைக். நீலச் சட்டை. இடது தோளில், இவள் போன மாதம் தைத்த அதே வெள்ளை நூல் தையல். அவளுக்கு எதிரே, தோளில் கேமராவோடு தம்பி.

"தம்பி! நான் இங்க இருக்கேன்டா!"

அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினான். நேரலை ஓடும்போது குறுக்கே பேசுகிறவர்களுக்கு அவன் வழக்கமாகக் காட்டும் சைகை.

வானத்தில் இரைச்சல். தூரத்தில்.

பக்கத்தில்.

"போதும் தங்கச்சி," என்றார் அண்ணன். "கிளம்பு."

பழக்கத்தில் இவள் கால்கள் துள்ளின. கீழே இருந்தவள் கிளம்பினாள். இரண்டடி நடந்து, நின்று, திரும்பி மேலே பார்த்தாள்.

இவள் முகமேதான். இவளுக்காக அழுது முடித்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.