சின்னான் நக்காத மருந்து

சின்னான் மருந்தை நக்கவில்லை. மலர்க்கொடிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே அரை நாள் நக்கிக்கொண்டு கிடக்கிற மகாராஜா அவன். மத்தியானம் எந்தக் கடுவன் பூனையோடு மல்லுக்கு நின்றானோ, பின்னங்கால் தொடை கிழிந்து, ரத்தம் ஒழுக, நொண்டிக்கொண்டு வந்து விழுந்தான். ஞாயிற்றுக்கிழமை. எந்த மாட்டு டாக்டரும் போனை எடுக்கவில்லை. உப்புப் போட்ட வெந்நீரில் புண்ணைக் கழுவி, வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்தாள். குழைக்க எண்ணெய் இல்லை. குளியலறை ஜன்னலில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் நல்லெண்ணெய் கிடந்தது. அதை எடுத்துக் குழைத்துப் பூசினாள். பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள். போன மாதம் அக்கா அமிர்தத்தின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட இதே போலத்தான் துணி கிழித்திருந்தாள்.

அக்காவும் தங்கையுமாகக் காட்டூர் வீட்டில் இத்தனை வருஷம் ஓட்டியாகிவிட்டது. அக்கா போன பிறகு வீட்டில் மூச்சு விடுகிற இன்னொரு உயிர் அவள் வளர்த்த இந்தப் பூனைதான். இவனும் போய்விட்டால் மலர் யாரிடம் பேசுவது?

"பிழைச்சுக்கடா ராசா," என்றாள்.

சின்னான் அவளைப் பார்க்கவில்லை. குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. தஞ்சாவூர் ரோட்டில் போகிற பஸ்களின் ஹாரன் எல்லாம் ஈரத்துணிக்குள்ளிருந்து வருவது போல் அமுங்கிக் கேட்க, கரண்டும் போய்விட, மெழுகுவத்தியைத் தேடி அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தவளின் மூக்கில் மெல்ல வந்து ஏறியது சீயக்காய் வாசனை. மலர் ஷாம்பு போடுகிறவள். இந்த வீட்டில் சீயக்காய் தேய்த்துக் குளித்தவள் அக்கா ஒருத்திதான். அதுவும் வெள்ளிக்கிழமை தவறாமல், தங்கைதான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற அடத்தோடு.

போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பானுப்ரியா.

"பூனை எப்படிங்கக்கா இருக்கு? என்ன போட்டீங்க?"

"வேப்பிலை, மஞ்சள். பாத்ரூம் ஜன்னல்ல இருந்த எண்ணெயில குழைச்சேன்."

"அக்கா… அது பெரியக்காவுக்குக் கடைசியா தலைக்கு வச்ச எண்ணெயாச்சே. எல்லாரும் தொட்டு வச்சது போக மிச்சம். நான்தான் ஜன்னல்ல வச்சேன். வீட்டுக்குள்ள இருக்கக்கூடாது, கொட்டிடுங்கன்னு சொன்னேனே?"

சொல்லியிருப்பாள். அன்றைக்கு மலர் காதில் எது விழுந்தது?

"உடனே துடைச்சு விடுங்கக்கா. நான் இதோ வரேன்."

மலர் ஈரத்துணியோடு ஓடி வந்தாள். சின்னானைப் படுக்க வைத்திருந்த பாய் காலியாக இருந்தது. கையிலிருந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் மஞ்சள் கறை மட்டும் தெரிந்தது. நொண்டுகிற கால் தரையில் இழுபட்ட கோடு, குளியலறை வரைக்கும் போயிருந்தது.

கதவு சாத்தியிருந்தது.

உள்ளே வாளியில் மக் முட்டுகிற சத்தம்.

ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

ஓடிவிடலாம். வாசல் பக்கத்தில்தான். செருப்புகூட வேண்டாம். ஆனால் உள்ளேயிருந்து சின்னான் கத்தினான். வலியில் கத்துகிற கத்தல் இல்லை. பசிக்கும்போது அக்காவின் காலை உரசிக்கொண்டு கத்துவானே, அந்தக் குழைவு.

"சின்னான்… வாடா வெளில."

கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"எண்ணெய் வச்சிட்டு அப்படியே போயிட்டியேடி, மலரு."

அதே குரல். அதே சலிப்பு.

"கண்ணு எரியுது. தண்ணி ஊத்த வா."

அவனை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அவ்வளவுதான். தள்ளினாள். கதவு திறந்தது.

மெழுகுவத்தி அணையவில்லை. அணைந்திருந்தால் தேவலை.

ஈரத் தரை. பிளாஸ்டிக் முக்காலி. முகத்தை மூடித் தொங்குகிற நரைமுடி. முடி நுனியிலிருந்து எண்ணெய், சொட்டுச் சொட்டாக.

கீழே இரண்டு கால்கள். கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன, மத்தியானம் மலர் கிழித்த சேலைத்துணியால்.

சின்னான் தொடையில் புண்ணே இல்லை. பாதங்களின் மேல் சுகமாகப் படுத்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்த எண்ணெயை நக்கிக்கொண்டிருந்தான்.

முடிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கை நீண்டு, மக்கை மலரிடம் கொடுத்தது.